கறிவேப்பிலையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி பக்கத்துச் செம்பருத்தியை ஏன் ஒதுக்குகிறது?

மாடித்தோட்டம் (திருச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் இருக்கின்றன. கறிவேப்பிலை இரண்டு, எலுமிச்சை ஒன்று, வில்வக் கன்று ஒன்று. மற்றவை செம்பருத்தி, துளசி, கத்தரி, வெண்டை, ஓமவல்லி, மல்லிகை எனக் கலந்து கிடக்கும். கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் திட்டுகள் நிறைந்த, வாலில்லாத ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் ஆண்டுதோறும் கறிவேப்பிலையை ஈர்க்கு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடுவதால், சென்ற ஆண்டு வரை அவற்றைப் பொறுக்கி எறிவதே என் வேலையாக இருந்தது. பணி ஓய்வு பெற்றபின் பொறுமை வந்துவிட்டது. இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன்.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். காலை ஒன்பது மணியளவில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வரும் பெண் பூச்சி, முதலில் எல்லாத் தொட்டிகளுக்கும் மேலாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது. செம்பருத்தி இலையில் ஒரு நொடி கால் வைத்துவிட்டு எழும்பிவிடுகிறது, கத்தரியிலும் அப்படியே. கறிவேப்பிலைக்கு வந்ததும் அதன் நடத்தையே மாறிவிடுகிறது. இறக்கையை அடித்தபடியே இளந்தளிரைப் பற்றிக்கொண்டு முன்னங்கால்களால் இலையை மிக வேகமாகத் தட்டுகிறது. தட்டிய மறுநொடி வயிற்று நுனியை வளைத்து, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குப் போய்விடுகிறது. ஒரு காலையில் பதினொரு முட்டைகளை எண்ணினேன். பத்து முட்டைகள் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வில்வத்திலும் இருந்தன. பதினொன்றாவது, கறிவேப்பிலைக்குள் நுழைந்து வளர்ந்திருந்த ஒரு துளசிக் கிளையில் இருந்தது. அது மட்டும் ஏன் என்று தெரியவில்லை.

பறவை எச்சம்போலத் தோன்றும் இளம்புழுக்கள் நான்கை எடுத்து இரண்டைச் செம்பருத்தியிலும் இரண்டை எலுமிச்சையிலும் விட்டும் பார்த்தேன். எலுமிச்சைக்குப் போனவை அன்று மாலையே தின்னத் தொடங்கின. செம்பருத்தியில் விட்டவை இலை ஓரத்தில் தலையை ஆட்டி ஆட்டித் தடவின, ஓரிடத்தில் மிகச் சிறிதாகக் கடித்தன, பிறகு தண்டு வழியே இறங்கித் தொட்டி விளிம்பில் அலைந்தன. மறுநாள் ஒன்று செத்துக் கிடந்தது. மனம் கேட்காமல் மற்றதைக் கறிவேப்பிலைக்கே மாற்றிவிட்டேன். அதே செம்பருத்தியில் மாவுப்பூச்சி மொய்த்துக்கொண்டிருப்பதால், அதை உண்ணத் தகாத செடி என்று சொல்லிவிடவும் முடியவில்லை.

பூவில் தேன் குடித்து வாழும் தாய்ப்பூச்சிக்குத் தான் ஒருபோதும் தின்னாத இலையின் தன்மை எப்படித் தெரிகிறது? கண்ணாலா, மணத்தாலா? புழு பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறு இலையைத் தின்னாது என்றால் அதன் காரணம் என்ன? சுற்றிலும் துளசியும் செண்டுமல்லியும் வைத்தால் அந்த வாசனைக்குப் பூச்சி வராது என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


இலைமறைகாய் எழுதியது:

வணக்கம் ஐயா. முன்னங்கால்களால் தட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மாடிக்கு வருவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, அதாவது பாப்பிலியோ டெமோலியஸ். இந்தப் பேரினத்தின் பெண் பூச்சிகளுக்கு முன்னங்கால் நுனிகளில் சுவையறியும் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. நாம் நாக்கில் வைத்து அறிவதை அவை காலை வைத்து அறிகின்றன. சும்மா தொட்டால் இலையின் மேற்பரப்பில் இருப்பது மட்டுமே தெரியும் என்பதால், அடித்துத் தட்டி, மேற்பரப்பைச் சற்றே கீறி, உள்ளிருக்கும் சாற்றை மயிர்களில் படவைக்கின்றன.

ஜப்பானிலும் கிழக்காசியாவிலும் வாழும் இதன் நெருங்கிய உறவான பாப்பிலியோ சூதஸ் பற்றித்தான் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். எலுமிச்சைக் குடும்பத்து இலையின் சாற்றைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தபோது, அந்தப் பூச்சியை முட்டையிட வைப்பது ஏதோ ஒரு பொருள் அன்று, ஏறத்தாழப் பத்துச் சேர்மங்களின் கூட்டு என்று தெரிந்தது. அவற்றைத் தனித்தனியே தாளில் தடவிக் கொடுத்தால் பூச்சி அநேகமாகப் பொருட்படுத்துவதில்லை. சேர்த்துக் கொடுத்தால் அந்தத் தாளிலேயே முட்டையிடுகிறது. அந்தக் கூட்டில் ஒன்றான சினெஃப்ரின் என்ற பொருளை உணரும் சுவை ஏற்பி எது என்பதை 2011-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த ஏற்பிக்கான மரபணுவின் செயலை அடக்கியபோது பெண் பூச்சிகள் முட்டையிடுவதும் குறைந்தது. தாய்க்கு இலை பற்றிய அறிவு எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பகுதி பிறவியிலேயே காலில் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

துளசியில் கிடந்த அந்தப் பதினொன்றாவது முட்டையும் இதனால் விளங்கும். கால் கறிவேப்பிலையைத் தட்டி விடை கிடைத்துவிட்டால், அடுத்த கணமே வயிறு வளைந்துவிடுகிறது. வயிற்று நுனி போய்த் தொடும் இடமும் கறிவேப்பிலைதானா என்று மீண்டும் சரிபார்க்கப்படுவதில்லை. இரண்டு செடிகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் இப்படி நேர்வது இயல்பே. அந்தப் புழு பொரிந்து தன் முட்டையோட்டைத் தின்ற பிறகு, பக்கத்துக் கறிவேப்பிலைக்கு நடந்து சேர்ந்தால் பிழைக்கும்.

இனி, காலுக்கு முந்தைய கட்டங்கள். தொலைவிலிருந்து வரும்போது கண்ணும் உணர்கொம்பும்தான் வழிகாட்டுகின்றன. ஆனால் அவை தோராயமாகவே காட்டும். பச்சை நிறம், இலையின் வடிவம், தளிரின் வெளிர்மை ஆகியவை கண்ணுக்கு. மணத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: ஒவ்வொரு செடிக்கும் அதற்கே உரிய தனி மணப்பொருள் ஒன்று இருப்பதாகவும், பூச்சி அதை மோப்பம் பிடித்து வருவதாகவும் பலரும் நினைக்கிறார்கள். சில செடிகளுக்கு அது பொருந்தும். பெரும்பாலான செடிகள் வெளிவிடுவதோ எல்லா இலைகளுக்கும் பொதுவான ஆவிப்பொருள்களைத்தான்; வேறுபடுவது அவற்றின் விகிதம். ஒரே மளிகைச் சாமான்களை வைத்து ஒரு வீட்டில் சாம்பாரும் இன்னொரு வீட்டில் வத்தக்குழம்பும் கொதிப்பதைத் தெருவிலிருந்தே நாம் பிரித்தறிவது போன்றது அது. செம்பருத்தியிலும் கத்தரியிலும் பூச்சி ஒரு நொடி கால் வைத்தது தோராய வழிகாட்டுதலின் விளைவு. உடனே எழும்பியது கால் சொன்ன விடையின் விளைவு.

புழுவின் வாயிலும் இதே போன்ற சோதனைச்சாவடி ஒன்று இருக்கிறது. கீழ்வாயின் இருபுறமும் இரண்டிரண்டாக அமைந்த சுவைமுளைகள், ஒவ்வொன்றிலும் நான்கு சுவை நரம்பணுக்கள்; இவ்வளவுதான் கருவி. 'தின்' என்று சொல்லும் குறிப்பு வராவிட்டாலோ, 'வேண்டாம்' என்று சொல்லும் அணு பலமாகக் கிளர்ந்தாலோ, தாடை நின்றுவிடும். செம்பருத்தியில் சத்து இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, புரதம் இருக்கிறது; எலுமிச்சைக் குடும்பத்தின் குறிப்புதான் இல்லை. பூச்சி செடியின் ஊட்டத்தை அளந்து பார்ப்பதில்லை, அடையாளத்தைத்தான் பார்க்கிறது. நமக்கு முட்டாள்தனமாகத் தோன்றும் அந்தப் பட்டினிச் சாவுக்கு இதுவே காரணம்.

அந்த அடையாளப் பொருள்கள் எவை என்பது இன்னும் சுவையானது. 1910-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் தாவரவியலாளர் எட்வர்ட் வெர்ஷாஃபெல்ட், முட்டைக்கோசு வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் கடுகுக் காரம் உள்ள செடிகளையே தின்கின்றன என்பதைக் கவனித்து, அவை வழக்கமாகத் தொடாத இலைகளின்மீது அந்தக் காரச் செடியின் சாற்றைத் தடவிக் கொடுத்தார், புழுக்கள் தின்றன. அந்தக் காரம் செடிக்கு ஊட்டப்பொருள் அன்று. இலை கடிபட்டவுடன் குளுக்கோசினோலேட் என்ற பொருளும் அதைச் சிதைக்கும் நொதியும் கலந்து உண்டாகும் நஞ்சு அது. பெரும்பாலான பூச்சிகளை விரட்டுவது. அதற்குள் நுழைந்து பழகிவிட்ட சில பூச்சிகளுக்கு, விரட்டுவதற்கென்று செடி வைத்த காவலே வீட்டு விலாசமாக ஆகிவிட்டது. நம் ஊரிலும் மாவிலங்க மரத்திலும் ஆதொண்டைக் கொடியிலும் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. தோற்றத்தில் முட்டைக்கோசுக்கும் மாவிலங்கத்துக்கும் ஓர் ஒற்றுமையும் கிடையாது. இரண்டிலும் இருப்பது அதே வகைக் காரம்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் மூன்றும் ரூட்டேசி எனப்படும் அதே எலுமிச்சைக் குடும்பம் என்பதால் உங்கள் பூச்சி மூன்றையும் ஏற்கிறது. ஆஸ்திரேலியாவில் வாழும் இதே இனம் மட்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த குல்லென் செடிகளில் முட்டையிடுகிறது. சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியும் குல்லென் பேரினத்துச் செடியின் விதைதான். இரண்டு குடும்பங்களுக்கும் உறவு தொலைவு. ஆனால் ஃபியூரனோகூமரின் வகைச் சேர்மங்கள் இரண்டிலும் இருக்கின்றன.


பட்டுவளர்ப்பு (கிருஷ்ணகிரி மாவட்டம்) எழுதியது:

மேலே எழுதியவர் தாய்ப்பூச்சியின் காலில் தொடங்கினார். தாய்க்குத் தெரிவு செய்யும் வேலையே இல்லாத ஒரு பூச்சியை இருபது ஆண்டுகளாக வளர்த்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பட்டு அந்துப்பூச்சி பறக்காது; தாளில் விட்டால் தாளில் முட்டையிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் இலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். ஆகவே இங்கே தெரிவு முழுவதும் புழுவினுடையது.

முன்பெல்லாம் முட்டைத் தொகுதி வாங்கி நாங்களே பொரிக்கவைத்தோம். இப்போது இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாவது தோலுரிப்பு முடிந்த புழுக்களாகவே வாங்கிவிடுகிறோம். சொந்தமாகப் பொரிக்கவைத்த காலத்தில் நான் பலமுறை வேடிக்கை பார்த்தது இது: எறும்பளவே இருக்கும் கரிய குஞ்சுப்புழுக்கள் தட்டில் அசையாமல் கிடக்கும், கொழுந்தைப் பொடியாக நறுக்கித் தூவத் தொடங்கியதும், இலை மேலே படுவதற்கு முன்பே தலையைத் தூக்கி அந்தப் பக்கம் திரும்பும். மல்பெரி இலையிலிருந்து வெளிவரும் சிஸ்-ஜாஸ்மோன் என்ற மணப்பொருள் மிகச் சிறு அளவிலேயே புழுவை ஈர்க்கிறது என்று 2009-இல் ஜப்பானியர்கள் கண்டறிந்த செய்தியைப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது, என் தட்டில் நடந்ததற்குப் பெயர் கிடைத்ததுபோல் இருந்தது.

ஆனால் மணம் புழுவை இலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதே தவிர, தின்னவைப்பது வேறு. ஜப்பானைச் சேர்ந்த ஹமாமுரா என்ற அறிஞர் இதை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார்: அருகே வரவழைக்கும் பொருள்கள், கடிக்கவைக்கும் பொருள்கள், விழுங்கவைக்கும் பொருள்கள். அந்த வழியில் சென்றதன் பயனாகத்தான் மல்பெரி இலை இல்லாமலும் வளர்க்கக்கூடிய செயற்கை உணவு உருவானது.

ஐயா கேட்ட பட்டினிக் கேள்விக்கு நேரடியான சான்றும் பட்டுப்புழுவிலேயே இருக்கிறது. 2019-இல் சீன ஆய்வாளர்கள் பட்டுப்புழுவின் ஜிஆர்66 என்ற ஒரே ஒரு சுவை ஏற்பி மரபணுவைச் செயலிழக்கச் செய்தார்கள். மல்பெரியைத் தவிர எதையும் தொடாத புழு, அதன் பிறகு சோயா இலை, ஓக் இலை, ஆப்பிள், பேரிக்காய் எனப் பலவற்றையும் தின்றது. அதுவரை அவற்றைத் தின்னாததற்குப் பல்லோ குடலோ தடையாக இருக்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லும் ஓர் அணு தடையாக இருந்திருக்கிறது. அவற்றைத் தின்று நல்ல கூடு கட்டுமா என்பது வேறு பேச்சு. எங்களைப் போன்றவர்கள் வி-1 ரக மல்பெரியை விட்டுவிடும் நாள் இதனால் வந்துவிடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. மல்பெரிக் காம்பைக் கிள்ளினால் வடியும் பாலைக் கழுவிவிட்டு நாங்கள் மறந்துவிடுகிறோம். அந்தப் பாலில் சர்க்கரையைப் போலவே அமைந்த ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. பிற புழுக்களின் செரிமானத்தை அவை கெடுத்துவிடும். ஆமணக்கு இலையில் வளரும் 'எரி' என்ற வகைப் பட்டுப்புழுவுக்கு அது நஞ்சு. மல்பெரிப் புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை.


மாடித்தோட்டம் (திருச்சி) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. துளசியில் இருந்த முட்டையைப் பற்றிய விளக்கம் என் மனைவிக்கும் பிடித்திருந்தது. "நான்தான் அப்போதே சொன்னேனே, அவசரத்தில் இடம் மாறியிருக்கும் என்று" என்கிறாள். ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. கறிவேப்பிலையில் வளர்ந்த புழு பூச்சியானபின் எலுமிச்சையைவிடக் கறிவேப்பிலையைத்தான் தேடுமா? பிறந்து வளர்ந்த செடியின் நினைவு கூட்டுப்புழுப் பருவத்தைத் தாண்டிப் போகுமா? எல்லாம் பிறவியிலேயே காலில் எழுதப்பட்டுவிட்டது என்றால், புதுச் செடிக்குப் பூச்சி எப்போதாவது மாறுவது எப்படி?


இலைமறைகாய் எழுதியது:

இது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பூச்சியியலார் வாதிட்டு வரும் கேள்வி ஐயா. வளர்ந்த செடியையே தாயாகித் தேடும் என்ற கருத்தை அமெரிக்காவின் ஹாப்கின்ஸ் 1916-17 வாக்கில் முன்வைத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பிறகு செய்த சோதனைகளில் பெரும்பாலானவை அதற்கு வலுவான ஆதரவைத் தரவில்லை. அதே சமயம் 2008-இல் வெளிவந்த ஒரு சோதனையில், புகையிலைக் கொம்புப்புழுக்களுக்கு ஒரு வாசனையையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கியபோது, கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள் அந்துப்பூச்சியானபின்னும் அந்த வாசனையை வெறுத்தன. ஆகவே நினைவு கூட்டுப்புழுவைத் தாண்டவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. வெளியே, தோட்டத்தில், முட்டையிடும் செடியை அது தீர்மானிக்கிறதா என்பதில்தான் சான்று மெலிந்து நிற்கிறது. கூட்டுப்புழுவின் மேல் ஒட்டியிருக்கும் செடியின் வாசனைகூட, வெளிவரும் பூச்சிக்கு முதல் பாடமாக அமையக்கூடும் என்பது மற்றொரு விளக்கம்.

புழுப் பருவத்துக்குள்ளேயே நடக்கும் பழக்கம் மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. அதே கொம்புப்புழு, செயற்கை உணவில் வளர்ந்தால் பலவகை இலைகளை ஏற்கும். கத்தரிக் குடும்பத்து இலையைத் தின்று வளர்ந்துவிட்டால் மற்றவற்றை மறுத்துவிடும். அந்த இலைகளிலுள்ள இண்டியோசைட்-டி என்ற பொருளுக்கு அதன் சுவை அணுக்கள் இசைந்துவிடுவதே காரணம் என்று 2001-இல் காட்டினார்கள். எலுமிச்சைக்கு மாற்றிய உங்கள் புழுக்கள் காலையில் விட்டும் மாலையில்தான் தின்னத் தொடங்கின என்றால், அந்தத் தயக்கத்துக்கும் இத்தகைய பழக்கம் காரணமாக இருந்திருக்கலாம்.

தாயும் கற்றுக்கொள்கிறாள். அமெரிக்காவில் ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளில் முட்டையிடும் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், சில பெண் பூச்சிகள் அகல இலைகளை மட்டுமே இறங்கிப் பார்ப்பதையும் சில குறுகிய இலைகளை மட்டுமே இறங்கிப் பார்ப்பதையும் கண்டார்கள். அண்மையில் எந்த வடிவ இலையில் வெற்றி கிடைத்ததோ அந்த வடிவத்தைக் கண் நினைவில் வைத்துக்கொள்கிறது. இறுதித் தீர்ப்பு காலுக்கே என்றாலும், எங்கே கால் வைப்பது என்பதை அனுபவம் மாற்றுகிறது.

தாய் எப்போதும் சரியாகத் தெரிவு செய்வாள் என்றும் நினைக்க வேண்டாம். முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி, பார்பேரியா என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடியை முட்டைக்கோசைவிட விரும்பி அதில் முட்டையிடுகிறது. அங்கே பொரியும் புழுக்கள் அந்தச் செடியிலுள்ள சப்போனின்களால் செத்துவிடுகின்றன. விலாசம் சரி, வீட்டுக்குள் வேறொரு நஞ்சு.

புதுச் செடிக்கு மாறுவதற்கு மிகவும் பேசப்படும் எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் ஆப்பிள் ஈ. ஹாதார்ன் என்ற உள்நாட்டு முள்மரத்தின் பழங்களில் வாழ்ந்த அந்த ஈ, ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த ஆப்பிளுக்கு மாறியது 1860-களில் பதிவானது. பெஞ்சமின் வால்ஷ் என்பவர் அப்போதே அதைக் கவனித்து, இது புதிய இனம் பிரிவதன் தொடக்கமாக இருக்கலாம் என்று எழுதினார். இந்த ஈக்கள் பழத்தின் மேலேயே கூடி இணைகின்றன என்பதைக் கவனியுங்கள். ஆப்பிளின் மணத்தை விரும்பிப் போன ஈக்கு அங்கே கிடைக்கும் துணையும் ஆப்பிளை விரும்பியதாகவே இருக்கும். இரு கூட்டங்களும் தத்தம் பழத்தின் மணக்கலவையை விரும்பி, மற்றதைத் தவிர்ப்பதைப் பிற்காலச் சோதனைகள் உறுதிப்படுத்தின. மணத்தின் மீதான விருப்பத்தில் ஏற்பட்ட சிறு மாற்றம், நூற்றைம்பது ஆண்டுகளில் இரண்டு கூட்டங்களைப் பெரும்பாலும் பிரித்துவைத்துவிட்டது.


களப்பணி (திண்டிவனம்) எழுதியது:

பக்கத்து வீட்டுக்காரரின் ஆலோசனையை யாரும் தொடவில்லை; பயிர்ப்பாதுகாப்புப் பணியில் நெடுநாள் இருந்தவன் என்பதால் அதற்கு நான் விடை கூறுகிறேன். துளசி, செண்டுமல்லி வாசனைக்குப் பூச்சி ஓடிவிடும் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபிஞ்ச், காலியர் என்ற இருவர் முட்டைக்கோசு வேர் ஈயை வைத்து இதைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். முட்டைக்கோசுச் செடிகளைச் சுற்றி வேறு செடிகள் இருந்தால் ஈ முட்டையிடுவது குறைகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் மணமுள்ள செடிகளை வைத்தாலும் மணமில்லாத செடிகளை வைத்தாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. பச்சைத் தாளில் செய்த போலி இலைகளை நட்டுவைத்தபோதுகூட முட்டைகள் குறைந்தன.

காரணம் இதுதான்: செடியின் மணம் கிடைத்து இறங்கும் ஈ, மண்ணைத் தவிர்த்துப் பச்சையாக எது தெரிகிறதோ அதில் அமர்கிறது. வெறும் மண்ணில் முட்டைக்கோசு மட்டும் நின்றால் அமர்வதெல்லாம் முட்டைக்கோசாகவே இருக்கும். பல செடிகள் கலந்திருந்தால் பாதி முறை தவறான இலையில் அமர்கிறது. முட்டையிடுவதற்கு முன் அது இலை விட்டு இலை பறந்து, சரியான இலையிலேயே அடுத்தடுத்துப் பலமுறை அமர வேண்டும். நடுவில் ஒரு தவறான இலை வந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, பல நேரங்களில் சலித்துப் பறந்துவிடுகிறது. ஆக, துளசி நடுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. அதன் வாசனையை நம்பி மட்டும் நட வேண்டாம். உங்கள் வண்ணத்துப்பூச்சி அந்த ஈயைப்போல் பலமுறை எண்ணிப் பார்ப்பதில்லை, ஒரு தட்டிலேயே தீர்மானித்துவிடுகிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதனிடம் இந்த உத்தி எவ்வளவு எடுபடும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

விரட்டுவதைவிட வரவழைப்பதில்தான் நாங்கள் வயலில் பலன் கண்டோம். எங்கள் பக்கம் நிலக்கடலை வயல்களில் வரப்போரமாக ஆமணக்கு போடச் சொல்வோம். விவசாயிகள் இன்றும் புரோட்டீனியா என்று பழைய பெயரால் சொல்லும் புகையிலை வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, நிலக்கடலையைவிட ஆமணக்கின் அகன்ற இலையில் முட்டையிட விரும்பும். முட்டைகள் நூற்றுக்கணக்கில் ஒரே குவியலாக, பழுப்பு மயிரால் மூடப்பட்டு, இலையில் பஞ்சுத் திட்டைப்போல் ஒட்டியிருக்கும். பொரிந்த புழுக்கள் முதல் சில நாள்கள் கூட்டமாகவே இருந்து பச்சையத்தைச் சுரண்டுவதால் இலை சல்லடைபோல் வெளுத்துத் தெரியும். வாரம் இருமுறை வரப்பில் நடந்து அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால் மருந்தடிப்பில் பாதியை மிச்சப்படுத்தலாம். கிள்ளாமல் விட்டுவிட்டால், நீங்களே பூச்சிப் பண்ணை வைத்துக் கொடுத்ததாக ஆகும். ஆமணக்கு நட்டுவிட்டுப் பிறகு வரப்புப் பக்கமே போகாதவர்களிடமிருந்துதான் "சார், நீங்கள் சொன்னபடி செய்தும் புழு கூடிவிட்டதே" என்ற புகார் எங்களுக்கு வரும்.

முட்டைக்கோசுக்கும் இதே கணக்கு. இருபத்தைந்து வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு வரிசை கடுகு என்று பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்தது. வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகின் காரத்தைத் தேடி அங்கே முட்டையிடும். கடுகை முன்னும் பின்னுமாக இருமுறை விதைக்கச் சொல்வார்கள். முதல் விதைப்பு முற்றிப்போனால் பூச்சி முட்டைக்கோசுக்குத் திரும்பிவிடும் என்பதால்.

மாடிக்கும் இதைச் சுருக்கிச் செய்யலாம் ஐயா. நீங்கள் பார்த்தபடி பூச்சி தளிரைத்தான் தேடுகிறது. இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகளில் ஒன்றை அவ்வப்போது நுனி வெட்டித் தளிர்க்கவைத்துப் பூச்சிக்கென்று வெயிலில் முன்னால் வையுங்கள். மற்றதை முற்றிய இலையோடு பின்னால் தள்ளி வையுங்கள். முட்டை முழுவதும் முன்தொட்டிக்குப் போய்விடும் என்று உறுதி சொல்ல மாட்டேன், பெரும்பகுதி போகும்.


மாடித்தோட்டம் (திருச்சி) எழுதியது:

களப்பணி அவர்கள் சொன்னபடியே சென்ற வாரம் ஒரு தொட்டியை நுனி வெட்டி, கைப்பிடிச் சுவரின் கிழக்கு ஓரத்தில் வைத்தேன். தளிர் இன்று விரல்நீளம் வந்திருக்கிறது. காலையில் வந்த பூச்சி அதில் ஏழு முட்டைகள் இட்டது. பின்தொட்டியில் ஒன்று. ஆனால் வில்வக் கன்றை நகர்த்த மறந்துவிட்டேன், அதில் நான்கு.